தூங்கின என்ஜினைத் தட்டி எழுப்பினோம்!

ஆயுத பூஜைன்னா உங்களுக்குப் பொரி, கடலை, சுண்டல் ஞாபகத்துக்கு வரும். எங்க வீட்டுல ஒட்டடைதான் ஞாபகத்துக்கு வரும். கோயம்புத்தூர் கணபதியில அப்பாவுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், தலைக்கு மேல ஒரு பரண். வருஷத்துக்கு ஒருவாட்டி அந்தப் பரணைச் சுத்தம் பண்றது பரம்பரை பரம்பரையா என் தலையில எழுதின வேலை.

2025 ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடி அப்படி ஏறினப்போதான் அந்த அட்டைப் பெட்டி கையில சிக்குச்சு. திறந்தா... பழைய பேப்பருக்கு நடுவுல, முக்காலடி அகலம், ஒன்றரை அடி நீளத்துல ஒரு பகி கார். நாலு சக்கரமும் முள்ளு டயர். நடுவுல ஒரு குட்டி என்ஜின். நிஜ என்ஜின் பாஸ், நிஜ என்ஜின்! பிஸ்டன், கார்புரேட்டர், சைலன்ஸர் எல்லாம் உண்டு. பேர் நைட்ரோ ஆர்.சி. கார். ரிமோட்ல ஓடும். ஆனா பேட்டரி மோட்டார்ல இல்லை, எரிபொருள்ல ஓடும்.

அது அண்ணனோட கார்.

ஃபிளாஷ்பேக் 2016. அண்ணன் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். அப்போ இன்ஜினீயரிங் காலேஜ் டெக் ஃபெஸ்ட்கள்ல நைட்ரோ கார் ரேஸ்னா கூட்டம் அள்ளும். நாலு பேரு பங்கு போட்டு 18 ஆயிரம் ரூபாய்க்கு இந்தக் காரை வாங்கினாங்க. அண்ணன் பங்கு, அம்மாவோட சீட்டுப் பணம் அஞ்சாயிரம். பிட்டுல கிழிகிழின்னு கிழிச்ச கார், ட்ராக்ல ரெண்டாவது ரவுண்டு தாண்டல. 'புஸ்'னு நின்னு போச்சு. வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அப்பா ஒரே ஒரு டயலாக்தான் விட்டார். "அஞ்சாயிரத்தைப் புகையா விட்டுட்டு வந்துட்டியாக்கும்."

அவ்வளவுதான். அண்ணன் காரைப் பெட்டியில போட்டான். பெட்டி பரணுக்குப் போச்சு. அண்ணன் ஓசூருக்கு வேலைக்குப் போனான். இப்பவும் போன்ல அப்பாவும் அவனும் பேசிக்குவாங்க. "மழையா?" "ஆமாங்ப்பா." "சாப்பிட்டியா?" "ஆச்சுங்ப்பா." முடிஞ்சுது!

நான் தேர்டு இயர் மெக்கானிக்கல். தெர்மல்ல ஒரு அரியர். இருந்தாலும் உடம்புல ஓடுறது இன்ஜினீயர் ரத்தமாச்சே! காரைக் கீழே வெச்சேன். புல் ஸ்டார்ட்டர் கயிறைப் பிடிச்சேன். ஒரு இழு...

"இழுக்காதடா!"

லேத்துக்குப் பின்னாடியிருந்து வந்த அந்தச் சத்தத்துல என் கை அப்படியே நின்னுது. அந்த ஒரு அதட்டல்தான் என்ஜினைக் காப்பாத்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க

ஏன் இழுக்கக் கூடாது? இந்த என்ஜினோட எரிபொருள்ல மூணு சமாச்சாரம் கலந்திருக்கும். மெத்தனால், நைட்ரோ மீத்தேன், அப்புறம் எண்ணெய். இது டூ-ஸ்ட்ரோக். தனியா என்ஜின் ஆயில் கிடையாது. எரிபொருள்ல இருக்குற எண்ணெய்தான் உள்ளே எல்லாத்துக்கும் மசகு. அந்த எண்ணெய்ல நம்ம பாட்டி காலத்து விளக்கெண்ணெய்க்கும் பங்கு உண்டு. சூடு தாங்குறதுல விளக்கெண்ணெய் கில்லாடி. ஆனா வருஷக்கணக்குல சும்மா கிடந்தா பிசின் மாதிரி இறுகிடும். பிஸ்டனை ஃபெவிக்கால் போட்டு ஒட்டின மாதிரி பிடிச்சுக்கும்.

அதுக்கு மேல இன்னொரு விவகாரம். பைக் என்ஜின்ல இருக்குற மாதிரி இதோட பிஸ்டன்ல ரிங் கிடையாது! அலுமினியம் பிஸ்டன், உள்பக்கம் குரோமியம் பூசின பித்தளை ஸ்லீவ். ஸ்லீவ் மேலே போகப் போக லேசாக் குறுகும். அதனால என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்தா 'கவ்'னு கவ்விக்கும். ஓடிச் சூடானதும் பித்தளை விரிஞ்சு சரியான இடைவெளி கிடைச்சுடும். அப்போதான் கம்ப்ரஷன் கனகச்சிதமா இருக்கும்.

நம்ம கார்ல பிஸ்டன் சரியா அந்தக் குறுகின இடத்துலயே நின்னுபோயிருந்தது. கூடவே ஒன்பது வருஷப் பிசின். இந்த நிலைமையில வீரத்தைக் காட்டி இழுத்தா கயிறு அறுந்துடும். இல்லேன்னா ஸ்டார்ட்டர்ல இருக்குற ஒன்வே பேரிங் போயிடும். ரொம்ப மோசமாப் போனா கனெக்டிங் ராடே வளைஞ்சுடும்.

அப்பா ஃப்ளைவீலை ரெண்டு விரலால தொட்டுப் பார்த்தார். "பிடிச்சிருக்குது. ஆனா உடையலை. அவசரப்படாதே"ன்னார். கார் விஷயத்துல 2016க்கு அப்புறம் அவர் பேசின ரெண்டாவது டயலாக்!

தலைக்கு எண்ணெய், உடம்புக்கு ஒத்தடம்

முதல் வேலை, உச்சியில இருக்குற க்ளோ பிளக்கைக் கழட்டினோம். அந்த ஓட்டை வழியா லேசான மெஷின் ஆயில் நாலஞ்சு சொட்டு. கார்புரேட்டர் வாய் வழியா இன்னும் ரெண்டு சொட்டு. ராத்திரி முழுக்க ஊற விட்டாச்சு.

மறுநாள் அத்தை பொண்ணோட ஹேர் டிரையரை உரிமையோட கடத்திக்கிட்டு வந்தேன். அஞ்சாறு நிமிஷம் என்ஜின் தலைக்குச் சூடு. சூடு ஏறினா பிசின் இளகும், பித்தளை ஸ்லீவும் விரியும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா! அப்புறம் ஃப்ளைவீலைக் கையால முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் அசைக்கணும். வெறும் கைதான். ஸ்பானர், கட்டிங் பிளேயர் எதுவும் கூடாது.

முதல் நாள் அசையலை. மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. மூணாவது நாள், சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துல 'களக்'. ஃப்ளைவீல் ஒரு நூல் நகர்ந்தது. அப்பா டீ கிளாஸைக் கீழே வெச்சுட்டு எழுந்து வந்துட்டார். அதுக்கப்புறம் அவர் லேத் பக்கம் போகவே இல்லை!

பிரிச்சு மேய்ஞ்சாச்சு

சுத்துது சரி, ஓடுமா? உள்ளே பார்க்காம ஓட்டக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டார். பின்மூடியைக் கழட்டினா கிராங்க் பக்கத்து பேரிங் 'கரகர'ன்னுச்சு. துரு.

காரணம் எரிபொருளேதான். மெத்தனால் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சுக்கும். எரிஞ்ச மிச்சத்துல அமிலத்தன்மையும் இருக்கும். ஓட்டி முடிச்சு எண்ணெய் விடாம அப்படியே பெட்டியில போட்டா, பேரிங்கைத்தான் முதல்ல தின்னும். கோபத்துல வெச்ச கார் இல்லையா? அண்ணன் அன்னிக்கு எண்ணெயும் விடலை, டேங்கையும் காலி பண்ணலை.

பழைய பேரிங்கைத் தட்டிக் கழட்டுவார்னு நெனைச்சேன். அப்பா என்ஜின் கூட்டை மட்டும் சூடு பண்ணி, மரக்கட்டை மேல ஒரு தட்டுத் தட்டினார். பேரிங் தானா விழுந்தது. "அலுமினியம் சீக்கிரம் விரியும்டா. இரும்பு மெதுவா விரியும். அந்தக் கேப்புல வேலையை முடிச்சுக்கணும்." தெர்மல் எக்ஸ்பான்ஷனுக்கு நான் பரீட்சையில எழுதின ரெண்டு பக்கத்தை அவர் ஒரே தட்டுல முடிச்சுட்டார்!

கார்புரேட்டரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு உஷார் வேலை. எரிபொருள் அளவை முடிவு பண்ற நீடில் ஸ்க்ரூவை முழுசா உள்ளே திருகி, எத்தனை சுத்துல மூடுதுன்னு எண்ணி எழுதி வெச்சுக்கணும். இல்லேன்னா பழைய செட்டிங் காத்தோட போயிடும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் தொட்டதும் தூளாயிடுச்சு. அதைப் போட்டு ஓட்டினா அந்தத் தூளே என்ஜினுக்குள்ள போய் எமனாயிடும். புது ஸ்பாஞ்ச், புது ஃபில்டர், கார்புரேட்டர்ல புது ஓ-ரிங், எரிபொருள் வர்ற டியூப் புதுசு. சைலன்ஸர்லேர்ந்து டேங்குக்குப் போற இன்னொரு டியூப் மட்டும் பளபளன்னு இருந்தது. 'இது நல்லாத்தானே இருக்கு'ன்னு விட்டுட்டேன்.

இந்த வரியை ஞாபகம் வெச்சுக்குங்க. கிளைமாக்ஸுக்கு வேணும்.

ஸ்பார்க்கே இல்லாத பிளக்

இந்த இடத்துல கொஞ்சம் கெமிஸ்ட்ரி. தூங்கிடாதீங்க, செம மேட்டர்!

க்ளோ பிளக்ல பொறி பறக்காது. உள்ளே பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி, அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் சுமார் ஒன்றரை வோல்ட் கொடுத்தா கம்பி பழுத்துச் சிவக்கும். என்ஜின் ஓட ஆரம்பிச்சதும் பேட்டரியை எடுத்துடலாம். அப்புறம் எப்படிச் சிவப்பா இருக்கும்? மெத்தனால் ஆவி பிளாட்டினம் மேல பட்டாலே வினை நடந்து சூடு கிளம்பும். ஒவ்வொரு வெடிப்பும் அடுத்த வெடிப்புக்கு அடுப்பை மூட்டி வெச்சுட்டுப் போகும். இந்த பிளக்கை 1947ல் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ரே ஆர்டன்ங்கிற அமெரிக்கர். அது வந்ததும் மாடல் விமானங்கள் ஸ்பார்க்குக்காக பேட்டரி, காயில்னு மூட்டை சுமக்க வேண்டிய அவசியம் குறைஞ்சுது.

நைட்ரோ எதுக்கு? ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோ மீத்தேனுக்கு வெறும் 1.7 கிலோ! தனக்கு வேணும்ங்கிற ஆக்சிஜன்ல ஒரு பங்கைத் தானே கொண்டுவர்ற விருந்தாளி அது. அதனால அதே சிலிண்டருக்குள்ள நிறைய எரிபொருளைத் திணிச்சு எரிக்கலாம். நம்ம என்ஜின் மொத்தமே 3 சி.சி.தான். ஆனா நிமிஷத்துக்கு 30,000 சுத்து சுத்தும். அதாவது ஒரு செகண்டுக்கு 500 வெடி. தீபாவளிக்குக்கூட நம்ம தெரு அந்த ஸ்பீடுல வெடிக்காது!

இது விளையாட்டு இல்லை

சிரிச்சது போதும், ஒரு நிமிஷம் சீரியஸ். மெத்தனால் விஷம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60க்கும் மேற்பட்டவங்களைக் கொன்ன சாராயத்துல கலந்திருந்தது இதேதான். வயித்துக்குள்ள போனா கண் பார்வை போகும், உயிரும் போகும். தோல் வழியாவும் உடம்புக்குள்ள இறங்கும். அதனால கையுறை, திறந்தவெளி ரெண்டும் கட்டாயம். தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கவே கூடாது. வீட்டுல குழந்தைங்க இருந்தா பூட்டி வைக்கணும். தனியா மெத்தனால் வாங்கி நாமளே கலக்குற வேலையும் வேண்டாம், அது சட்டக் கட்டுப்பாடு உள்ள பொருள். ரெடிமேடா கலந்த எரிபொருளைக் கடையில பில்லோட வாங்குங்க.

இன்னொண்ணு, மெத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது. 1981 இண்டியானாபொலிஸ் ரேஸ்ல ரிக் மியர்ஸோட கார் பிட்டுல தீப்பிடிச்சப்போ, அவர் எரிஞ்சுக்கிட்டிருக்கார்ங்கிறதே சுத்தி நின்னவங்களுக்கு உடனே புரியலை. சூடான என்ஜின்ல எரிபொருள் ஊத்தும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

பெட்டியில கிடந்த 2016 பாட்டில்ல பாதி மிச்சம் இருந்தது. ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா ஒன்பது வருஷம் ஈரம் குடிச்ச எரிபொருள் என்ஜினுக்கு எதிரி. 20 சதவிகித நைட்ரோ, புது பாட்டில் வாங்கினோம்.

ஒண்ணு... ரெண்டு... மூணு!

பட்டறைக்குப் பின்னாடி காலி இடம். ரிசீவர் பேட்டரி செத்துப்போயிருந்ததால புதுசு. முதல்ல ரிமோட்டை ஆன் பண்ணணும், அப்புறம்தான் காரை. அணைக்கும்போது உல்டா. இல்லேன்னா கார் தானா பிச்சுக்கிட்டு ஓடி யாரோட கணுக்காலையாவது பதம் பார்க்கும். பிரேக், ஆக்ஸிலரேட்டர் ரெண்டையும் என்ஜின் ஓடாமலே சரிபார்த்தோம். நீடிலை கம்பெனி புத்தகத்துல சொன்ன அளவுக்கு, எரிபொருள் கொஞ்சம் தாராளமாவே வர்ற மாதிரி வெச்சோம்.

முதல் இழுப்பு, ஒண்ணும் இல்லை. ரெண்டாவது இழுப்பு, கயிறு நடுவுல சிக்கி நின்னுது. எரிபொருள் அதிகமா உள்ளே போய் தேங்கிடுச்சு. முரட்டுத்தனம் பண்ணாம பிளக்கைக் கழட்டி, காரைக் கவுத்து, நாலு இழு இழுத்தா மிச்சம் வெளியே பீச்சிடும். மறுபடி பிளக். மறுபடி இழுப்பு.

'டர்ர்ர்ர்ர்ர்ர்!'

எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்துட்டாங்க. நீல வெள்ளைப் புகை. விளக்கெண்ணெய் கருகுற வாசனை. நான் குதிச்சேன். அப்பா சிரிச்சார். அவர் சிரிச்சதைப் பார்த்து அம்மா, "ஏனுங்க, உங்களுக்கு என்னாச்சு?"ன்னாங்க.

ஒரு நிமிஷம் ஓடிச்சு. 'புஸ்.' நின்னு போச்சு.

டேங்க் மூடியைத் திறந்து எரிபொருள் இருக்கான்னு பார்த்தேன். நிறையவே இருந்தது. மறுபடி இழுத்தேன், ஜம்முனு ஸ்டார்ட் ஆச்சு. ஒரு நிமிஷம். 'புஸ்.' அதே கதை. 2016ல் நடந்த அதே கதை! நீடிலை இந்தப் பக்கம் திருகினேன், அந்தப் பக்கம் திருகினேன். ம்ஹூம். என்ஜின் கொதிச்சதுதான் மிச்சம். 'அப்ப காரே டம்மிதானா?'ன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடுச்சு.

அப்பா பேசாம குத்தவெச்சு உக்காந்திருந்தவர் கேட்டார். "ஏண்டா, ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் 'உஸ்'ஸுங்குதே, கவனிச்சியா?"

கவனிக்கலை.

"காத்து வெளிய வர்ற சத்தம் இல்லை அது. உள்ள போற சத்தம். டேங்க் மூச்சுக்குத் தவிக்குது."

சைலன்ஸர்லேர்ந்து டேங்குக்கு வர்ற டியூப் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. எக்ஸாஸ்ட் அழுத்தத்துல கொஞ்சத்தை டேங்குக்குக் கொண்டுவந்து, எரிபொருளைக் கார்புரேட்டருக்குத் தள்ளுறதே அதுதான். அது அடைச்சா, எரிபொருள் குறையக் குறைய டேங்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி, என்ஜின் பட்டினியில நின்னுடும். மூடியைத் திறந்தா காத்து உள்ளே போய் மறுபடி ஒரு நிமிஷத்துக்கு உயிர். அதனாலதான் பிட்டுல ஓடிச்சு, ட்ராக்ல நின்னுச்சு!

நான் 'நல்லாத்தானே இருக்கு'ன்னு விட்ட டியூப்பை அப்பா விரலால தடவிக்கிட்டே போனார். பின்பக்கம், மூணு ஒயரோட சேர்த்து ஒரு கறுப்பு கேபிள் டை. அழகா, இறுக்கமா. டியூப் அந்த இடத்துல தட்டையா நசுங்கியிருந்தது. ரேஸுக்கு முன்னாடி கார் நீட்டா தெரியணும்னு யாரோ கட்டினது.

கட்டரால ஒரு நறுக்கு. புது டியூப் பத்து பதினஞ்சு ரூபாய். அடுத்த இழுப்புல ஸ்டார்ட் ஆன கார், ஒரு முழு டேங்க் தீர்ற வரைக்கும் நிக்கவே இல்லை.

உங்க பரண்லயும் ஒண்ணு தூங்குதா?

* எடுத்ததும் கயிறை இழுக்காதீங்க. பிளக்கைக் கழட்டி எண்ணெய், சூடு, பொறுமை.
* பழைய எரிபொருள், பழைய ரிசீவர் பேட்டரி, பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் மூணுக்கும் நோ சொல்லுங்க.
* டியூப் எல்லாத்தையும் மாத்துங்க. 'நல்லாத்தானே இருக்கு'ங்கிற டியூப்பையும்!
* பிளக்குக்கு வெளியே வெச்சே கரண்ட் கொடுத்துப் பாருங்க. சுருள் நல்ல ஆரஞ்சு நிறத்துல ஒளிரணும்.
* முதல் ஓட்டத்துல எரிபொருள் தாராளமா இருக்கட்டும், புகை வரட்டும். என்ஜின் தலை சுமார் 100லேர்ந்து 120 டிகிரி செல்ஷியஸ் வரைக்கும் ஓகே. அதுக்கு மேல போனா உடனே நிறுத்துங்க.
* ஓட்டி முடிச்சதும் டேங்கைக் காலி பண்ணி, மிச்சம் எரியிற வரைக்கும் ஓட விட்டு, எண்ணெய் விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி வெச்சுத் தூங்க வையுங்க.

தீபாவளி ரிலீஸ்

தீபாவளிக்கு அண்ணன் ஓசூர்லேர்ந்து வந்தான். எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு எல்லாம் முடிஞ்சு வாசலுக்கு வந்தவன் திண்ணையில காரைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டான். அப்பா சட்டைப் பையிலேர்ந்து அந்த அறுந்த கேபிள் டையை எடுத்து அவன் கையில வெச்சார். மேட்டரை ரெண்டு வரியில சொன்னார். அப்புறம், "வண்டி நல்ல வண்டிதாண்டா. நான்தான் அன்னிக்கு என்ன ஏதுன்னு கேக்காமப் பேசிப்போட்டேன்"ன்னார்.

அண்ணன் ரொம்ப நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கிட்டிருந்தான். "இதைக் கட்டினதே நான்தானுங்ப்பா. பார்க்க நல்லா இருக்கட்டும்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு உக்காந்து கட்டினேன்."

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சாங்க. எங்க வீட்டுல அந்த வருஷம் வெடிச்ச பெரிய வெடி அதுதான்.

மதியம் கிரவுண்டுல மூணு பேரும் மாறி மாறி ஓட்டினோம். அப்பா மொத ரவுண்டுலயே காரை வேலியில சொருகினார். அண்ணனும் அவரும் கார்புரேட்டரைப் பத்திச் சண்டை போட்டாங்க, நிஜச் சண்டை, சத்தமா! மழையா, சாப்பிட்டியாங்கிற பேச்சே வரலை.

சாயங்காலம் அண்ணன்தான் டேங்கைக் காலி பண்ணி, எண்ணெய் விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி, ஃப்ளைவீல்ல வெள்ளை மார்க்கரால ஒரு கோடு போட்டான். அந்தக் கோடு மேலே இருந்தா பிஸ்டன் கீழே இருக்குன்னு அர்த்தம்.

பெட்டியை எங்கே வைக்கிறதுன்னு கேட்டேன். பரணைக் கை காட்டப் போன அண்ணனைத் தடுத்து அப்பா சொன்னார்.

"அங்க வேண்டாம். லேத்துக்குப் பக்கத்துல வெய்யி. பொங்கலுக்கு வருவானில்ல!"